பதினோரு அலெக்சாண்டர் ஸ்லேட்டர்கள்

போர்ட்லாகியில் தபால் வேலைக்குச் சேர்ந்தால்
முதலில் கையில் திணிப்பது பையை அல்ல,
முனை மடங்கிய ஒரு கணக்கு நோட்டை.
ஊரில் இருப்பது மூன்றே குடும்பப் பெயர்:
ஸ்லேட்டர், ஃப்ளெட், மெய்ர்.
முன்பெயரோ ஐந்தாறைத் தாண்டாது.
மூத்தவனுக்கு இவர் பெயர், இளையவனுக்கு அவர் பெயர் என்று
முந்நூறு வருஷம் அரைத்த மாவையே அரைத்ததில்
நான் சேர்ந்த குளிர்காலத்தில்
உயிரோடு பதினோரு அலெக்சாண்டர் ஸ்லேட்டர்.
அதில் நான்கு பேர் ஒரே தெரு.

ஆகவே நோட்டு.
‘கஞ்சி’ ஸ்லேட்டர்: மூன்றாம் வீடு, நாய் கடிக்காது.
‘பிஷப்’ ஸ்லேட்டர்: தேவாலயப் பக்கமே போகாதவர்.
(பாதிரி, பிஷப் என்ற சொற்கள் படகில் ஆகாது;
கரையைத் தாண்டினால் அவர் வெறும் ‘அந்த ஆள்’.)
‘நனையாத’ மெய்ர்: மூன்று முறை படகு கவிழ்ந்தது,
மூன்று முறையும் காய்ச்சலென்று
வீட்டில் படுத்திருந்தவர்.
‘செவ்வாய்’ மெய்ர்: ஏன் என்று யாருக்கும் தெரியாது,
செவ்வாய் மெய்ருக்கும்.

காசோலையில் இந்தப் பெயர்தான்.
வாக்காளர் பட்டியலில் இதுதான்.
கல்லறைக் கல்லிலும் செதுக்குவார்கள்.
கடைசி நாளில்
கடவுளுக்குக் குழப்பம் வரக்கூடாதே.

நடுப்பக்கத்தில் ‘மூன்றுமணி’ ஃப்ளெட் என்று ஐந்து வீடு.
கடிகாரக் கடை வைத்திருந்த வம்சம்
என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஒருநாள் பார்சலுக்குக் கையெழுத்து வாங்கும்போது
கேட்டுவிட்டேன்.
பேனா மூடியைக் கடித்தபடி இசொபெல் சொன்னாள்:

ஹெர்ரிங் காலம்.
ஆண்களெல்லாம் தெற்கே யார்மவுத்தில்.
அங்கிருந்து ஒரு தந்தி:
ஜேம்ஸ் ஃப்ளெட் கடலில் போனார்.
தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு,
பட்டப்பெயரைச் சேர்க்க யாருக்கோ மனம் வரவில்லை.
கொண்டுவந்த பையன் உள்நாட்டான், புதியவன்.
முதல் கதவைத் தட்டினான்.

கிறிஸ்டியன் ஃப்ளெட் கடிகாரத்தை நிறுத்தினாள்.
கண்ணாடியைத் துணியால் மூடினாள்.
கணவனின் ஞாயிற்றுக்கிழமைக் காலணியைக்
கண்ணில் படக்கூடாதென்று
அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்தும் விட்டாள்.

மூன்று மணி நேரம்.

பிறகு இரண்டாவது தந்தி,
இம்முறை பெயர் முழுசாக.
இறந்த ஜேம்ஸ் சுவருக்கு அந்தப் பக்கத்து ஜேம்ஸ்.
அந்தப் பக்கத்துக்காரி
அந்த மூன்று மணி நேரமும்
இவள் அடுப்படியில் நின்று
இவளுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

காலணியைக் கிறிஸ்டியன் திரும்பக் கேட்கவில்லை.
ஜேம்ஸ் ஊர் திரும்பி
ரப்பர் பூட்ஸோடு தேவாலயம் போனார்.

நோட்டைப் புரட்டினேன்.
அடுத்த வீட்டுக்கு எதிரே ஒரு மேற்கோள்குறி திறக்கிறது,
ஒரு மேற்கோள்குறி மூடுகிறது,
உள்ளே ஒன்றுமில்லை.
எதற்கும் பெயர் வைக்கும் ஊருக்கு
அங்கே மட்டும் நா எழவில்லை.

இப்போது எல்லாம் இயந்திரம் பிரிக்கிறது.
அஞ்சல் குறியீடு இருக்கிறது, நோட்டு தேவையில்லை என்கிறார்
எல்ஜினிலிருந்து வரும் மேலாளர்.
சரி என்று தலையாட்டுவேன்.
ஆனாலும் ஆஸ்பத்திரி முத்திரையோடு
ஜன்னல் வைத்த கவர் வந்தால்
நான் கதவு இடுக்கில் போடுவதில்லை.
தட்டுவேன், காத்திருப்பேன், கேட்பேன்:
நீங்கள்தானா?
எந்த அலெக்சாண்டர்? பிறந்த வருஷம்?
நீங்கள்தானா?
மழையில் நின்று இரண்டு முறை.

போன டிசம்பரில்
மீன் வெட்டும் ஆலைப் பெண்கள் போட்ட வாழ்த்து அட்டை ஒன்று
வழிதவறாமல் என் வீட்டுக்கு வந்தது.
தெரு இல்லை, குறியீடு இல்லை,
என் சொந்தப் பெயரும் இல்லை.
மேலே பெரிய எழுத்தில்
‘நீங்கள்தானா’, போர்ட்லாகி.

தபால்தலையும் ஒட்டவில்லை.
அபராதத்தை நானே கட்டி
நானே கொடுத்துக்கொண்டேன்.